தட்டிச் சுவர்

பட்டுப்புழுவுக்குக் குளிர் ஆகாது, காற்று ஆகாது, சத்தம் ஆகாது, புகையிலை வாசம் ஆகாது, வெளியாள் கண் ஆகவே ஆகாது. மனுஷனுக்கு எது ஆகும், எது ஆகாது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை, இத்தாலியில் யேசி நகரத்துக்கு மேலே இருக்கிற குன்றுகளில், விளைச்சலில் பாதியை நிலச் சொந்தக்காரருக்குக் கொடுத்து வாரத்துக்கு உழும் எல்லாக் குடும்பங்களிலும் இதே கூத்துதான். படுக்கையறை புழுவுக்கு, அடுப்பங்கரை புழுவுக்கு, நல்ல விறகு புழுவுக்கு. நாங்கள் வண்டிக் கொட்டகையில் வைக்கோலைப் பரப்பிப் படுப்போம்.

என் பெயர் செலிந்தா. அந்த வீட்டின் மூத்த மருமகள். நல்ல பேர் வாங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. கேட்டு முடித்தபின் யாரும் எனக்கு நல்ல பேர் கொடுக்கப் போவதும் இல்லை.

என் மாமியார் எர்சிலியாதான் வெர்காரா. குடித்தனத்தின் தலைவியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். மாவு அறை, எண்ணெய் அறை, அடுப்பங்கரை எல்லாவற்றின் சாவியும் அவள் இடுப்பில் தொங்கும். சாவி யாரிடம் இருக்கிறதோ அவள் சொல்வதுதான் வீட்டில் சட்டம். ஆண்கள் வயலில் கத்துவார்கள். வாசல்படி ஏறினால் வாயை மூடிக்கொள்வார்கள். என் கணவன் நெல்லோவும் அப்படித்தான், அவன் தம்பி ஜினேசியோவும் அப்படித்தான்.

முட்டை பொரிக்கிற வேலை பெண்களின் மார்புக்கு உரியது. கடுகைவிடச் சின்ன முட்டைகளைத் துணிப் பையில் போட்டு, மார்பு நடுவில் வைத்து, மேலே துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு வாரம் நடமாட வேண்டும். ஓடக் கூடாது, வியர்க்கக் கூடாது, முக்கியமாகப் பை நனையக் கூடாது. கல்யாணமாகி வந்த பத்து வருஷமும் அதைச் செய்தது நான்தான். எனக்குப் பிள்ளை இல்லை. மார்பு சும்மா இருந்தது.

"செலிந்தாவுக்குப் பிள்ளை இல்லைன்னு எவ சொன்னா?" என்று கிணற்றடியில் கேலி செய்வார்கள். "வருஷா வருஷம் நாப்பதாயிரம் பெக்கிறாளே!"

நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்கு வந்து மாவு பிசையும்போது பலகை ஆடுகிற மாதிரிக் குத்துவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் பிப்ரவரியில், ஜினேசியோவின் மனைவி பால்மினா ஆண் பிள்ளை பெற்றாள். இருபது வயது, மலைப்பக்கத்துப் பெண், பேச்சு குறைவு. பிள்ளைக்கு எல்வியோ என்று பேர் வைத்தார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு அவள் பால் கொடுப்பாள். அந்தப் பயல் குடிக்கிற சத்தம் வீடெல்லாம் கேட்கும். எனக்கு வயிறு எரியும். பொறாமை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. பொறாமைதான்.

ஏப்ரலில் அத்தை முட்டைப் பையை எடுத்துக்கொண்டு வழக்கம்போல என்னிடம் வந்தாள். நான் கையை நீட்டவில்லை.

"இந்த வருஷம் பால்மினா மாருதான் சூடு, அத்தை," என்றேன். "பால் கட்டின மாரு. ரெண்டு நாள் முன்னாடியே பொரிச்சுடும்."

"பிள்ளை பால் குடிச்சா பை நனையுமேடி."

"பிள்ளைக்கு ஆட்டுப்பால் குடுத்தா ஆச்சு. ரெண்டு வாரம்தானே? ஆட்டுப்பால் குடிச்சு எத்தனை பிள்ளை வளரலை?"

அத்தை என்னை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தாள். என் மனசில் என்ன ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் இரண்டு நாள் முன்னாடி என்ற பேச்சு அவளுக்கு இனித்தது. நேராகப் போய்ப் பையைப் பால்மினாவின் சட்டைக்குள் வைத்து, அவள் மார்பைத் தானே இறுக்கிக் கட்டினாள். கட்டுத் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

எல்வியோ ஆட்டுப்பாலைக் குடித்ததைவிடத் துப்பியது அதிகம். பால்மினா கொட்டகைக்குப் பின்னால் போய், பையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டிய பாலைப் பீய்ச்சி மண்ணில் விடுவாள். பத்தடி தூரத்தில் பிள்ளை பசியில் கத்திக்கொண்டு கிடக்கும். ஒரு தடவை ஒளிந்து கொடுத்துப் பார்த்தாள். பை ஈரமானதை அத்தை கண்டுபிடித்து, அவள் கன்னத்தில் ஒன்று விட்டாள். அதற்குப் பிறகு அவள் முயற்சி செய்யவில்லை.

புழு பொரித்தது. நான் சொன்ன மாதிரியே இரண்டு நாள் முன்னாடி. மாற்குப் புனிதர் திருநாளில் பங்குச் சாமியார் தோன் எரால்தோ மந்திரிக்க வந்தார். ஒரே ஒரு தட்டியில், இறகால் தள்ளினால் நகர்கிற தூசி மாதிரி, கறுப்பாக நெளிந்துகொண்டிருந்தன. நாணலைப் பிளந்து, வளைகிற மிலாறுக் குச்சிகளோடு பின்னிய தட்டி அது. புழு வளர வளரத் தட்டி கூடும். ஒன்றின் மேல் ஒன்றாக ஆளுயரத்துக்கு அடுக்குவோம். அடுப்பங்கரைக்கும் சாமான் அறைக்கும் நடுவில் இருந்த சுவரும் அதே மாதிரித் தட்டிதான். அதன் மேல் மண்ணும் சுண்ணாம்பும் பூசியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டையுமே கிராத்தீச்சோ என்றுதான் சொல்வோம்.

சாமியாருக்குப் படிப்பு அதிகம், கேட்க ஆள் குறைவு. பொலெந்தா என்கிற சோளக் களியைச் சாப்பிட்டுக்கொண்டே ஆரம்பித்தார்.

"இந்தப் பேர் எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? ரோமானியர் காலத்து லத்தீன். பின்னின தட்டியால ஆனது எதுவோ, அதையெல்லாம் கிராத்தீசியுஸ்னு சொன்னாங்க. அவங்க ஏழைங்க வீட்டுச் சுவரும் இதேதான்."

"நம்ம வீட்டுச் சுவர் மாதிரியா சாமி?" என்றான் நெல்லோ.

"அச்சு அசல். அந்தச் சொல்லு செத்துப்போச்சு. ஆனா பிள்ளைங்க இருக்கு. இங்க ஒரு பேரு, அடுத்த பள்ளத்தாக்குல ஒரு பேரு, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பேருன்னு ஒவ்வொரு வீட்ல ஒண்ணு வளருது. தன் தாய் யாருன்னு ஒண்ணுக்கும் தெரியாது."

"அத்தனை பிள்ளைங்களையும் இங்க அனுப்பி வைங்க சாமி," என்றாள் அத்தை. "இலை பறிக்க ஆள் பத்தலை."

எல்லோரும் சிரித்தோம். பால்மினா மட்டும் சிரிக்கவில்லை. கட்டு அவிழ்த்த மார்பில் பிள்ளையை வைத்து, குடிடா, குடிடா என்று மெதுவாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். பால் மறுபடி ஊறத் தொடங்கியிருந்தது. ஆனால் அதற்குள் பயல் பாதியாக இளைத்துப் போயிருந்தான். நாலு வாய் உறிஞ்சினால் களைத்துத் தூங்கிவிடுவான்.

அந்த வருஷம் அத்தை பேராசைப்பட்டு வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு முட்டை வாங்கியிருந்தாள். புழு தோலுரிக்க நாலு தடவை தூங்கும். மூன்றாம் தூக்கத்துக்குப் பிறகு தட்டிகள் படுக்கையறையை நிறைத்தன. நாலாம் தூக்கம் முடிந்து புழு விழித்தபோது அடுப்பங்கரையும் நிறைந்தது. எங்கள் படுக்கை கொட்டகைக்குப் போயிற்று. எல்வியோவின் பிரம்புத் தொட்டில் இலை சுமக்கப் போயிற்று. அதைத் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான். ஆண்கள் தொழுவத்தில் படுத்தார்கள். மாடுகளுக்குக் கோமாரி, தொழுவத்துக்குள் போய்வந்தவர் புழு அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்று அத்தை சட்டம் போட்டிருந்தாள். அதனால் புழுவுக்கு இலை போடுகிற பெண்களுக்குக் கொட்டகைதான் கதி. அந்தக் கொட்டகைக்கு மூன்று பக்கம்தான் சுவர்.

மே மாதம் பதினெட்டாம் தேதி மழை பிடித்துக்கொண்டது. மலையிலிருந்து காற்று இறங்கியது. மார்ச் மாதக் குளிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. உள்ளே அடுப்பில் ஓக் கட்டைகள் கனன்று, புழுக்கள் கதகதப்பில் இரவு பகல் பாராமல் தின்றுகொண்டிருந்தன. வெளியே எல்வியோ இருமத் தொடங்கினான்.

"டாக்டரைக் கூட்டிட்டு வரலாம் அத்தை," என்று பால்மினா கேட்டாள்.

"புழு திங்கிற வாரத்துல வெளியாளா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"அப்போ அடுப்புக்கிட்ட ஒரு ஓரமா..."

"இருமல் மூச்சு பட்டா புழு மஞ்சள் பூத்துச் சாகும். பதினோரு பேர் வருஷம் பூரா எதைத் திங்கிறது? உன் பிள்ளை இருமலையா?"

ஜினேசியோ பக்கத்தில்தான் நின்றான். தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

மூன்றாம் நாள் எங்கள் மல்பெரி மரங்கள் மொட்டையாகிவிட்டன. மதியச் சாப்பாடு முடிந்ததும் அத்தை இரண்டு மகன்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு இலை வாங்கக் கிளம்பினாள். மற்றவர்கள் பக்கத்து மேட்டில் மீதி இலையை உருவப் போய்விட்டார்கள். போகும்முன் அடுப்பங்கரைச் சாவியை வளையத்திலிருந்து கழற்றி என் கையில் வைத்தாள்.

"யாரையும் விடாதே. கதவைத் திறந்தா காத்து வரும்."

பத்து வருஷத்தில் அந்த வளையத்திலிருந்து ஒரு சாவி என் கைக்கு வந்தது அன்றுதான். ஒரு இரும்புத் துண்டு ஒருத்தியை என்ன பாடு படுத்தும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அவர்கள் போய் அரை மணி நேரம் இருக்கும். பால்மினா கதவைத் தட்டினாள். நான் ஒரு கை அகலத்துக்குத் திறந்தேன். சால்வைக்குள் பிள்ளை. அவள் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. பிள்ளையின் உதட்டைச் சுற்றி நீலமாக இருந்ததை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இத்தனை நாளும் சொல்லி வந்திருக்கிறேன். பார்த்தேன்.

"அக்கா, அரை மணி நேரம். அடுப்புக்கிட்ட நிக்கிறேன். எதையும் தொட மாட்டேன்."

"அத்தை என்ன சொல்லிட்டுப் போனாங்கன்னு உனக்குத் தெரியாது?"

"அத்தை இப்போ இல்லையே அக்கா. யாரும் இல்லை. யாரு போய்ச் சொல்லப் போறா?"

"நான் சொல்லுவேன்."

அவள் என்னை நம்ப முடியாமல் பார்த்தாள். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"உள்ள இருக்கிறதும் உன் பிள்ளைங்கதானே? நீதானே மாருல வெச்சுப் பொரிச்சே? அத்தனையும் சாகட்டுங்கிறியா?"

"அக்கா, உங்க காலைப் பிடிக்கிறேன்."

"உன் மாரு அவ்வளவு சூடாச்சே. அதுல வெச்சுக்கோ."

கதவைச் சாத்திப் பூட்டினேன். பயந்து செய்தேன் என்று சொன்னால் பொய். அத்தைமேல் எனக்கு அன்று பயமே இல்லை. என் கையில் சாவி இருந்தது. பிள்ளை பெற்ற ஒருத்தி என் முன்னால் கெஞ்சிக்கொண்டிருந்தாள். எனக்கு அது பிடித்திருந்தது.

உள்ளே வந்து இலை போட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் சாமான் அறைப் பக்கத்திலிருந்து சுரண்டுகிற சத்தம் கேட்டது. எலி வந்தால் ஒரே நாளில் ஒரு தட்டிப் புழுவைத் தின்று தீர்த்துவிடும். துடைப்பத்தை எடுத்துச் சுவரில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். சத்தம் நின்றது. மறுபடி தொடங்கியது. கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். அடுப்புச் சூடு படுகிற இடத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து விழுந்துகொண்டிருந்தது. பின்னலுக்கு நடுவில் ஒரு விரல் நுனி தெரிந்தது. நகத்தில் ரத்தம்.

அந்தச் சுவர் அந்தப் பக்கமும் லேசாகச் சூடாக இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு, வெளிப்பக்கத்துப் பூட்டில்லாத கதவு வழியாக அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாள். பூச்சைச் சுரண்டி எடுத்தால் சூடு நேராகப் பிள்ளைமேல் படும் என்று நினைத்திருக்கிறாள். புத்திசாலிப் பெண். ஓட்டை உள்ளங்கை அளவுக்கு வந்ததும் பிள்ளையின் முதுகை அதில் சேர்த்து வைத்தாள். நாணல் சந்து வழியே அந்தக் கம்பளித் துணி தெரிந்தது. இருமல் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

காற்று வரக் கூடாது என்பது சட்டம். ஓட்டை வழியாகக் காற்று வந்தது உண்மைதான். ஒரு தீக்குச்சியைக்கூட அணைக்காத காற்று. நான் இலைக் காம்புகளை ஒரு கை அள்ளினேன், பழைய சாக்குத் துணியில் சுருட்டினேன், அந்த ஓட்டையில் வைத்துத் திணித்தேன். திணிக்கிறபோது அவள் பிள்ளையை நகர்த்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். அவள் கண்ணும் என் கண்ணும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. நான் கட்டை விரலால் அழுத்தி, இடைவெளி இல்லாமல் அடைத்து முடித்தேன்.

அப்புறம் ஏழு அடுக்குக்கும் இலை போட்டேன். புழுக்கள் தின்கிற இரைச்சலில் இருமல் அமுங்கிப் போயிற்று. பொழுது சாய்வதற்குள் வண்டி வந்தது. ஜினேசியோதான் முதலில் சாமான் அறைக்குள் போனான். பிள்ளையை அவள் கையிலிருந்து பிரித்து எடுக்க அவனுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

அடக்கத்துக்கு மூன்று பேர்தான் போனார்கள். மற்றவர்களுக்கு இலை பறிக்கிற வேலை இருந்தது. அத்தை சாமான் அறைக்குப் போய் ஓட்டையைப் பார்த்தாள். "நல்லவேளை அடைச்சே," என்று என்னிடம் சொன்னாள். அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு கை மண் பூசிவிட்டாள். அடுப்பங்கரைப் பக்கம் என் சாக்குத் துணி அப்படியே இருந்தது.

புழுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பொன் நிறத்தில் கூடு கட்டின. அத்தனை நல்ல மகசூலை அந்தக் குன்றில் யாரும் எடுக்கவில்லை.

பால்மினாவின் பாலை வீணாக்க அத்தைக்கு மனம் வரவில்லை. நிலச் சொந்தக்காரரின் காரியஸ்தர் வீட்டில் மருமகள் பிரசவத்தில் இறந்துபோயிருந்தாள். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையைப் புதைத்த பத்தாம் நாள் பால்மினாவை அங்கே அனுப்பினாள். அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனாள். என்னைத் தாண்டிப் போகும்போது நின்று, என் கட்டை விரலைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தக் கோடையில் எனக்கு நாள் தள்ளிப்போனது. பத்து வருஷம் கழித்து! கடவுளின் வேடிக்கை எனக்குப் புரிவதில்லை. கிணற்றடியில் வாய் அடைத்துப்போனார்கள். நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ராணி மாதிரி நடந்தேன். செத்துப்போன பயலை நினைக்கவே இல்லை. நினைப்பு வந்தால் உடனே வேறு வேலை எடுத்துக்கொள்வேன்.

ஜனவரியில் அத்தைக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சுப் போயிற்று. சாவி வளையம் அவள் தலையணைக்கு அடியில் கிடந்தது. வீட்டை நடத்தியது நான். மூத்த மருமகள், பிள்ளைத்தாச்சி, சாவி வேறு யாருக்குப் போகும்? மார்ச் முதல் வாரம் காரியஸ்தரின் குதிரை வண்டி வாசலில் வந்து நின்றது. பால்மினாவைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். பேரப்பிள்ளை பால் மறக்கும் வயசுக்குத் தேறிவிட்டது. அந்த வீட்டில் அவளைத் தலையில் தூக்கி வைத்திருந்தார்கள். அவர் நேராக உள்ளே போய், அத்தையின் தலையணைக்கு அடியில் கைவிட்டு வளையத்தை எடுத்து, பால்மினாவிடம் கொடுத்தார். குடி வைப்பதும் கிளப்புவதும் அவர் கையில். யார் எதிர்த்துப் பேசுவது?

அந்த மாதக் கடைசியில் எனக்கு ஆண் பிள்ளை பிறந்தது. நாலு கிலோ, கறுத்த முடி. நெல்லோ தன் அப்பா பேரை வைக்க வேண்டும் என்றான்.

"செத்த பிள்ளை பேரை அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கு வைக்கிறதுதானே வழக்கம்?" என்றாள் பால்மினா. "எல்வியோ."

வழக்கம்தான். அந்தப் பேரையே வைத்தோம்.

பிள்ளைக்குப் பதினைந்து நாள். அவன் என் மார்பில் இருந்தான். பால்மினா உள்ளே வந்தாள், இடுப்பில் சாவி, கையில் முட்டைப் பை.

"இந்த வருஷம் உங்க மாருதான் சூடு, அக்கா. பால் கட்டின மாரு."

"ஆட்டுப்பால் இவனுக்கு ஒத்துக்காது பால்மினா. வேண்டாம்டி. உன்னைக் கும்பிடுறேன்."

"ஆட்டுப்பால் எதுக்கு? என்கிட்ட பால் வத்தலையே."

பிள்ளையை வாங்கினாள். என் கை எப்படி விட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவள் கொடுத்ததும் அவன் முகர்ந்து பார்த்துவிட்டு உடனே பிடித்துக்கொண்டான். அதே சத்தம், வீடெல்லாம் கேட்கிற சத்தம். நான் நெல்லோவைப் பார்த்தேன்.

"சாவி அவகிட்ட இருக்கு," என்றான் அவன். "பிள்ளை நல்லா இருந்தா போதாதா?"

இரண்டு வாரம் என் மார்பு கட்டிக் கிடந்தது. நானும் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பீய்ச்சினேன். பை அவிழ்ந்தபோது என்னிடம் பால் இல்லை. புழு பொரித்தது. நாலாம் தூக்கம் முடிந்தது. எனக்குச் சாமான் அறையில் இலை பிரிக்கிற வேலை கொடுத்தாள், படுக்கையும் அங்கேதான். பிள்ளையை அடுப்பங்கரைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். புழுக்களுக்கு நடுவில், அடுப்புக்குப் பக்கத்தில், தொட்டிலில். அவன் அழுதான், தும்மினான், ஒரு வாரம் சளி பிடித்து இருமவும் செய்தான். ஒரு புழுகூட மஞ்சள் பூக்கவில்லை. கூடு போன வருஷத்தைவிட நன்றாக வந்தது.

அதை என்னால் தாங்க முடியவில்லை. அந்தச் சட்டம் பொய். முதலிலிருந்தே பொய். அரை மணி நேரம் கதவைத் திறந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

ஒரு நாள் சுவரோரம் உட்கார்ந்து, அத்தை பூசிய மண்ணை நகத்தால் சுரண்டினேன். கீழே இன்னும் அதே சாக்குத் துணி, காய்ந்த காம்புகள். இழுத்து எடுத்தேன். சூடு முகத்தில் அடித்தது. முக்காலியில் பால்மினா, அவள் மடியில் என் பிள்ளை. என் கண்ணைப் பார்த்தாள். எழுந்து வந்து அடைப்பாள் என்று நினைத்தேன். அடைக்கவில்லை. நான் பார்க்கட்டும் என்று பிள்ளையை இந்தப் பக்கம் திருப்பி உட்கார வைத்தாள்.

பேச்சு வந்ததும் அவன் அவளை அம்மா என்றான், என்னைப் பெரியம்மா என்றான். ஒரு தடவை அவளை வழிமறித்து, அவனிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்றேன்.

"சொல்லுங்க அக்கா," என்றாள். கோபமே இல்லை குரலில். "முழுசாச் சொல்லுங்க. முதல் எல்வியோ எப்படிச் செத்தான்னு சொல்லுங்க. ஓட்டையை எதால அடைச்சீங்கன்னும் சொல்லுங்க. நடுவுல எதையும் விட்டுடாதீங்க."

நான் சொல்லவில்லை.

அவனுக்கு ஐந்து வயதான வசந்தத்தில், புழு கடைசித் தீனி தின்கிற வாரம், மறுபடி குளிர் இறங்கியது. நான் சாமான் அறையில் இலை பிரித்துக்கொண்டிருந்தேன். விரல் விறைத்தது. வழக்கம்போலச் சுவரோரம் போய் ஓட்டையில் கண்ணை வைத்தேன். அவன் கூடையும் கையுமாக, குட்டி ஆம்பிளை மாதிரி, கீழ்த் தட்டிக்கு இலை போட்டுக்கொண்டிருந்தான்.

"அம்மா, பெரியம்மா கண்ணு தெரியுது!"

"தெரியட்டும்டா கண்ணு."

"அவங்க ஏன் எப்பவும் அந்தப் பக்கமே இருக்காங்க?"

"அவங்களுக்கு அங்கதான் பழக்கம்."

அவன் ஓடி வந்து குந்தினான். அவன் மூச்சு என் இமையில் பட்டது. பிறந்த பதினைந்தாம் நாளுக்குப் பிறகு அவன் எனக்கு இத்தனை பக்கத்தில் வந்ததே இல்லை. நான் விரலைச் சந்துக்குள் விட்டேன். அதைப் பிடித்துப் பார்த்தான்.

"ஐயோ, ஜில்லுனு இருக்கு. பெரியம்மா, இது வழியா காத்து வருது."

"கொஞ்சம்தான்டா வருது. விரலைப் பிடிச்சுக்கோ. ஒரு நிமிஷம் பிடிச்சுக்கோ."

"காத்து வந்தா புழு செத்துடும் பெரியம்மா. உங்களுக்குத் தெரியாதா?"

முக்காலியிலிருந்து பால்மினா பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் என் விரலை மெதுவாகப் பின்னால் தள்ளினான். கூடையிலிருந்து காம்புகளை ஒரு பிடி அள்ளி, ஒரு துணித் துண்டில் சுருட்டி ஓட்டையில் வைத்தான். நல்ல பிள்ளை, எந்த வேலையும் அரைகுறையாகச் செய்ய மாட்டான். கட்டை விரலால் அழுத்தி அழுத்தி, இடைவெளி இல்லாமல் அடைத்தான்.